ஏழு தரம் பார்த்த காஸ்

போன செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, கொட்டாஞ்சேனையில் என் அக்கா வீட்டு மொட்டை மாடியில், கொதிக்கிற சீமெந்துத் தரையில் குந்திக்கொண்டு நான் பேச்சு வாங்கினேன்.

பேசியவர் ஏசி திருத்த வந்த பாஸ் – திருத்துவேலை செய்கிறவரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். பெயர் ரியாஸ். என்னைவிட இருபது, இருபத்தைந்து வயது இளையவர். மரியாதையான மனிதர்தான்... வார்த்தைக்கு வார்த்தை 'சேர்' போட்டுத்தான் பேசினார். ஆனாலும் பேச்சு பேச்சுத்தானே?

"சேர், இதெ எத்தன தரம் தெறந்து பாத்தீங்க?"

"அது... ஒரு நாலைஞ்சு தரம் இருக்கும்."

பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல் திருத்தினாள்.

"ஏழு."

ஏழு தரம். மூன்று மாதத்துக்குள். ரியாஸ் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். டொக்டர்கள் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு ஒரு பார்வை பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

முதலில் இருந்து சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என்னைப் பைத்தியம் என்று நினைத்துவிடுவீர்கள். முழுக்கக் கேட்ட பிறகும் நினைக்கலாம் – அது உங்கள் விருப்பம்.

என் அக்காவின் கணவர், அத்தான், துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். குளிரூட்டிய கொள்கலன்களைப் பார்க்கிற வேலை. இறைச்சி, மீன், அப்பிள் என்று குளிரில் வரவேண்டிய சாமான்களெல்லாம் பெரிய பெட்டிகளில் கப்பலில் வந்து இறங்கும். அந்தப் பெட்டிகளுக்கு மின்சாரம் கொடுத்திருக்கிறார்களா, உள்ளே எத்தனை டிகிரி என்று ஒவ்வொரு பெட்டியாகப் போய்ப் பார்த்துக் கொப்பியில் எழுதுவார். அப்படியே முப்பது வருடம். வெயிலில் நின்று குளிரைப் பார்த்த மனிதர் என்று அவரை நான் கிண்டல் செய்வதுண்டு.

இப்போது அவருக்கு இதயம் பலவீனம். நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கும். தண்ணீர் அளந்துதான் குடிக்கலாம். சூடு ஆகவே ஆகாது. வியர்த்துக் களைத்தால் இதயத்துக்கு வேலை கூடும், அறையைக் குளிராக வைத்திருங்கள் என்று டொக்டர் திட்டமாகச் சொல்லிவிட்டார். அறை சுட்டுக்கொண்டே இருந்தால் வார்ட்டில் அனுமதிப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றும் சொன்னார்.

அத்தானுக்கு வார்ட் என்ற சொல்லே பிடிக்காது. போன வருடம் பதினொரு நாள் கிடந்துவிட்டு வந்தவர். "அங்க மட்டும் திருப்பிக் கொண்டு போகாதேங்கோ. எதெண்டாலும் இந்தக் கட்டில்லயே நடக்கட்டும்" என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நானும் பக்கத்தில் நின்றேன். அதைக் கேட்ட பிறகு எப்படி நிம்மதியாக இருப்பது?

அவருடைய அறையோ மேல் மாடி. மேலே கொங்கிரீட் தட்டு. பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் உள்ளே போனால் பேக்கரிக்குள் போனது போல இருக்கும். கீழே ஒரு ஹோலும் குசினியும் மட்டும்தான். வெளிநாட்டில் இருக்கிற மகனும் மகளும் பேசி முடிவெடுத்து, அந்த அறைக்கு ஒரு ஏசி பூட்டச் செய்தார்கள். பூட்டிய அன்று இரண்டு பேரும் வாட்ஸ்அப்பில் வந்தார்கள்.

"மாமா, நீங்கள்தான் கிட்ட இருக்கிறீங்கள். ஏசியைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கோ."

இந்த வேலையை என்னிடமா கொடுப்பது?

நான் எப்படிப்பட்டவன் என்று இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். வெள்ளவத்தையில் வீட்டைப் பூட்டிவிட்டுக் காலி வீதி பஸ் தரிப்பிடம் வரை போய், அடுப்பை நிறுத்தினேனா என்று திரும்பி ஓடி வருகிறவன். நிறுத்தியிருக்கும். மறுபடியும் போவேன். கதவைப் பூட்டினேனா? மறுபடியும் ஓடி வருவேன். என் மனைவி இப்போதெல்லாம் என்னோடு வெளிக்கிடுவதில்லை... "நீங்கள் ரெண்டு தரம் போட்டு வாங்கோ, மூண்டாம் தரம் நான் வாறன்" என்று சொல்லிவிட்டுக் கதிரையில் உட்கார்ந்துவிடுவாள்.

ஏசி பூட்டிப் பத்தாம் நாள் நான் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அத்தான் தூங்கிக்கொண்டிருந்தார். ஏசிக்கு முன்னால் கையை நீட்டிப் பார்த்தேன். முதல் நாள் இருந்த குளிர் இல்லையோ? மற்றக் கையை நீட்டினேன். குறைவு மாதிரித்தான் பட்டது. அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, குளிர் குறைஞ்ச மாதிரி இல்லையோ?"

"எனக்கு நடுங்குது" என்றாள் அக்கா.

நான் நம்பவில்லை. அக்காவுக்கு எப்போதுமே குளிர்தான்.

அடுத்த நாள் ஒரு பாஸைக் கூட்டிக்கொண்டு போனேன். வருத்தக்காரரைப் பார்க்கப் போகிறவர்கள் தோடம்பழமும் பிஸ்கட்டும் கொண்டு போவார்கள். நான் ஏசி பாஸ் கொண்டு போனேன். அந்தப் பாஸ் மொட்டை மாடிக்கு ஏறி, வெளியில் நிற்கிற பெரிய பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். அங்கேதான் எனக்கு அந்தச் சாமான் அறிமுகமானது.

ஸ்பிளிட் ஏசியின் வெளிப்பெட்டியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பக்கவாட்டில் இரண்டு செப்புக் குழாய்கள் வந்து சேரும் – ஒன்று மெல்லியது, ஒன்று தடித்தது. சேருகிற இடத்தில் இரண்டு பித்தளை வால்வுகள். அதில் தடித்த குழாயின் வால்வில் மட்டும் பக்கவாட்டாக ஒரு சின்ன மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். மூக்குக்கு ஒரு மூடி. அதுதான் சேர்விஸ் வால்வு என்றார் பாஸ். ஏசி நன்றாக வேலை செய்கிற காலத்தில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. திருத்துகிறவன் வந்தால் உள்ளே போக ஒரு வாசல்... அவ்வளவுதான்.

மூடியைக் கழற்றினால் உள்ளே நடுவில் ஒரு ஊசி தெரியும். அதற்குப் பின்னால் ஸ்பிரிங். கார் டயருக்குக் காற்று அடிக்கிற வால்வும் இதுவும் உள்ளே ஒரே அமைப்பு. ஊசியை அமத்தினால் திறக்கும். விட்டால் ஸ்பிரிங் தள்ளி மூடிவிடும். பாஸ் ஒரு ரப்பர் ஹோசைக் கொண்டு வந்து திருகினார். ஹோசின் வாய்க்குள் இருக்கிற ஒரு சின்ன முனை ஊசியை அமத்தியது. மற்ற முனையில் இருந்த மீட்டரின் முள் 'விர்' என்று எழும்பி ஓரிடத்தில் நின்றது.

"காஸ் சரியா இருக்கு, சேர்."

அந்த முள்ளைப் பார்த்தபோது எனக்கு உண்டான நிம்மதியை எப்படிச் சொல்வது? இத்தனை வருடமாக என் கவலைகளுக்கு மீட்டர் இல்லாமல் அல்லவா அலைந்திருக்கிறேன்! அடுப்புக்கு இல்லை, கதவுக்கு இல்லை. இதற்கு இருக்கிறது. முள் நிற்கிறது. சரியாக இருக்கிறது. அன்று பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பாட்டுக்கூட முணுமுணுத்தேன்.

நிம்மதி புறக்கோட்டை வரை இருந்தது. புறக்கோட்டையில் பஸ் மாறும்போதே ஒரு யோசனை. அந்தப் பாஸின் மீட்டர் சரியான மீட்டர்தானா?

ஆகவே, இரண்டு கிழமை கழித்து வேறொரு பாஸ். அவரும் மூடியைக் கழற்றினார், ஹோசைக் கொழுவினார், முள்ளைக் காட்டினார். கழற்றும்போது 'ஸ்ஸ்' என்று ஒரு சின்னச் சத்தம். அடுத்து வத்தளையில் இருந்து ஒருவர். அதற்கடுத்து அவருடைய தம்பி. ஒவ்வொருவர் வரும்போதும் நான் பக்கத்தில் குந்தியிருந்து உதவி செய்வேன். ஸ்பானரை எடுத்துக் கொடுப்பது, மூடியைக் கையில் பிடித்துக்கொள்வது... சும்மா நிற்க எனக்குத் தெரியாதே.

ஐந்தாம் தரம் வந்தவர் ஒரு சிங்களப் பாஸ். முள்ளைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"காஸ் அடுயி, மஹத்தயா."

காஸ் குறைவாம்! பார்த்தீர்களா? நான் சொன்னேனே! அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன். பயப்படுவதற்குப் பதில் எனக்கு ஒரு சந்தோஷம் வந்ததை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. கவலைப்படுகிறவனுக்கு, தன் கவலை சரி என்று நிரூபணமாவதைப் போல ஒரு மகிழ்ச்சி வேறில்லை. அவர் கொஞ்சம் காஸ் அடித்துவிட்டுப் போனார். அது நிற்கிறதா என்று பார்க்க ஆறாம் தரம். ஆறாமவர் சொன்னது சரியா என்று பார்க்க ஏழாம் தரம்.

போன திங்கட்கிழமை பகல் ஒன்றரை மணிக்கு அக்கா போன் எடுத்தாள். குரல் சரியில்லை.

"தம்பி, ஏசியில காத்துத்தான் வருது. குளிரே இல்லை. அவருக்கு வேர்த்துக் கொட்டுது. படுக்கேலாமல் எழும்பி இருக்கிறார்."

ஓட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது, அத்தான் கட்டில் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பனியன் தெப்பமாக நனைந்திருந்தது. ஒவ்வொரு மூச்சையும் தேடித் தேடி எடுத்தார். அக்கா ஈரத்துவாயால் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சுவரில் ஏசி ஒன்றும் நடக்காதது போல ஓடிக்கொண்டிருந்தது.

நானும் பக்கத்து வீட்டுக்காரரும் அவரைக் கதிரையோடு தூக்கிக் கீழே ஹோலுக்குக் கொண்டு வந்தோம். ஃபேன் போட்டோம். கொஞ்சம் ஆறினார். டொக்டரிடம் போனில் கேட்டோம். "இண்டைக்குப் பார்ப்பம். நாளைக்கும் இப்படியே எண்டால் கொண்டு வந்து அட்மிட் பண்ணுங்கோ" என்றார். அத்தானுக்கு அது கேட்டுவிட்டது. சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஏழு தரம் பார்த்த ஏசி! எப்படி நிற்கும்?

பக்கத்து வீட்டுக்காரர்தான் ரியாஸின் நம்பரைத் தந்தார். செவ்வாய்க் காலையில் வந்தார். வந்தவர் முதலில் செய்த காரியமே எனக்குப் பிடிக்கவில்லை – மீட்டரை எடுக்கவேயில்லை! அறைக்குள் போய், காற்று வருகிற இடத்தில் ஒரு சின்னத் தெர்மோமீட்டரை வைத்தார். பார்த்தார். மேலே ஏறி, தடித்த குழாயைத் தொட்டுப் பார்த்தார். தண்ணீர் வடிகிற பைப்பைப் பார்த்தார். அது காய்ந்து கிடந்தது.

"காஸைப் பாருங்கோவன்" என்றேன், பொறுக்க முடியாமல்.

"அதுக்குத் தேவ வந்தாப் பாக்கலாம், சேர்."

போத்தலில் சோப்புத் தண்ணீர் வைத்திருந்தார். தூரிகையால் தொட்டுக் குழாய் மூட்டுகளில் ஒவ்வொன்றாகத் தடவினார். ஒன்றுமில்லை. கடைசியாக அந்தப் பித்தளை மூக்கில் தடவினார். நுரை மெல்ல உருண்டு, ஒரு குமிழி, இன்னொரு குமிழி... அழகாக வந்துகொண்டே இருந்தது.

"மூடி எங்க?" என்று கேட்டார்.

மூக்கில் மூடியில்லை.

அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது – எத்தனை தரம் திறந்தீர்கள்? அக்கா ஏழு என்றாள். ரியாஸ் பெருமூச்சு விட்டு, எனக்கு விளங்கப்படுத்தத் தொடங்கினார்.

"சேர், வார்ட்ல கையில ஒரு குழா மாட்டி உடுவாங்கல்லோ, மருந்து ஏத்த? அது மாதிரித்தான் இது. தேவையான நேரம் பாவிக்கத்தான் வச்சீக்கிது. சும்மா சும்மா தெறந்து பாக்க இல்ல. மீட்டர் கொழுவிற ஒவ்வொரு தரமும் ஹோசுக்குள்ள கொஞ்சம் காஸ் போற. கழட்டக்குள்ள கொஞ்சம் வெளிய போற. இது சின்ன மெஷின். உள்ள ஈக்கிறதே கொஞ்சம்தான். நீங்க பாத்துப் பாத்தே குறைச்சீக்கிறீங்க."

பார்த்துப் பார்த்தே குறைத்திருக்கிறேன்.

"உள்ள ஈக்கிற ஊசி நூத்துக்கு நூறு மூடாது. அடிக்கடி அமத்தினா ரப்பர் தேயும். தூசி ஒண்டு விழுந்தாலும் கசியும். அதுனாலதான் மேல மூடி. மூடிதான் உண்மையான பூட்டு. கடைசியா வந்தவர் மூடியப் போடல்ல போல. ஊர்ல ஈக்கிற தூசியும் துறைமுகத்து உப்புக் காத்தும் நேரா உள்ள போயீக்கிது."

கடைசியாக வந்தவர் மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. பொறுப்பில்லாத மனிதர்! ஒரு மூடியைத் திருப்பிப் போடக்கூடவா தெரியாது? போனை எடுத்து அவருடைய நம்பரைத் தேடினேன். நன்றாக நாலு வார்த்தை கேட்கவேண்டும். மூடியை என்ன செய்தீர், ஐயா? கழற்றினீர். கழற்றி...

கழற்றி என்னிடம் தந்தார்.

நான் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு, முள்ளைப் படம் எடுத்துப் பிள்ளைகளுக்கு அனுப்புவதற்காகப் போனை எடுத்தேன். கையில் இருந்த மூடியை... சேட் பொக்கற்றில் போட்டேன்.

மொட்டை மாடியின் மூலைக்குப் போய், குரலைத் தாழ்த்தி மனைவிக்குப் போன் எடுத்தேன். சின்னதாக, பித்தளையில், மூடி மாதிரி ஒன்று என் சேட்டில் கிடந்ததா?

"ஓம், உடுப்புத் தோய்க்கேக்க கிடைச்சது. குத்துவிளக்கின்ர பகுதி எண்டு நினைச்சு சாமித்தட்டில வச்சிருக்கிறன். வெள்ளிக்கிழமை புளி போட்டு மினுக்கினனான். ஏன்?"

ஏனாம்! மூன்று கிழமையாக அத்தானுடைய குளிர் ஒரு நூல் அளவில் ஒழுகிக்கொண்டிருக்க, அதை மறிக்கவேண்டிய மூடி வெள்ளவத்தையில் சாமிக்கு முன்னால் பளபளவென்று உட்கார்ந்திருக்கிறது. நான் திரும்பி வந்து ரியாஸிடம் உண்மையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அதற்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

அவரிடம் புது மூடி இருந்தது. ஆனால் மூடி போட்டால் மட்டும் போதாது. மிச்சமிருந்த காஸை ஒரு சிலிண்டருக்குள் வாங்கினார். தேய்ந்த ஊசியைக் கழற்றிப் புது ஊசி போட்டார். பிறகு ஒரு பம்பைக் கொழுவி, குழாய்க்குள் இருக்கிற காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சவிட்டார். உறிஞ்சி முடிந்ததும் பம்பை நிறுத்திவிட்டு, முள் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில், பெட்டியில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று போட்டிருந்ததோ, தராசில் சிலிண்டரை வைத்து அதே அளவைத் திருப்பி உள்ளே விட்டார். இத்தனையும் அந்த ஒரு மூக்கின் வழியாகத்தான். அதைச் செய்வதற்குத்தான் அந்த வாசல் இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பம்ப் ஓடுகிற அரை மணி நேரமும் நான் சும்மா இருக்கமுடியாமல் கேள்வி கேட்டேன். இந்த வால்வு வேறு எங்கெல்லாம் இருக்கும்? கார் ஏசியில் இரண்டு இருக்குமாம். ஒன்று பெரிது, ஒன்று சிறிது – ஒன்றின் ஹோசை மற்றதில் தவறுதலாகக் கொழுவிவிட முடியாதபடி. மீன் வைக்கிற பெரிய குளிர் அறைகளின் கொம்பிரசரில் கைக்கு அடக்கமில்லாத பெரிய வால்வுகள். சாவி போட்டுத் திருப்புவது. வீடு மாறும்போது ஏசியைக் கழற்றினால், காஸ் முழுவதையும் வெளிப்பெட்டிக்குள் இழுத்துப் பூட்டி வைப்பதும் இந்த வால்வுகளால்தான்.

"பிரிட்ஜில?"

"வீட்டு பிரிட்ஜில இல்ல, சேர். அதெ கம்பெனியில குழாய நசுக்கி ஒட்டித்தான் அனுப்புற. தெறக்க வாசலே இல்ல."

"அப்ப திருத்துறது எப்படி?"

"குழாய்ல ஒரு கிளாம்ப் போட்டு ஊசியால குத்தி உள்ள போகலாம். வேல முடிஞ்சா மறுகா அதெ எடுத்துட்டு ஒட்டிற. அப்பிடியே உட்டா அதுவும் கசியும்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "வாசல் இல்லாததுனாலதான் பிரிட்ஜ் இருவது வருசம் ஓடுது. ஒருத்தரும் போய்ப் பாக்கிறல்லயே."

பகல் ஒன்றரைக்கு ஏசியைப் போட்டார். பத்து நிமிடத்தில் வெளிக்குழாய் வியர்த்தது. கால் மணி நேரத்தில் வடிகிற பைப்பில் இருந்து முதல் சொட்டுப் பக்கத்துத் தகரத்தில் விழுந்தது. 'டொக்.' எனக்கு அழுகை வந்தது. உண்மையாகத்தான்.

போகும்போது ரியாஸ் படியில் நின்று சொன்னார்:

"சேர், பாக்கோணும்னா வெளிய நிண்டு பாருங்க. தண்ணி சொட்டுதா, காத்து குளிரா வருதா... அது போதும். அந்த மூடியத் தொட வாணாம்."

பின்னேரம் அத்தானைத் திரும்பவும் மேலே கொண்டு போனோம். தலையணையில் சாய்ந்து, கண்ணை மூடி, குளிரை முகத்தில் வாங்கிக்கொண்டு கிடந்தார். மூச்சு மெல்ல மெல்ல இறங்கி ஒழுங்குக்கு வந்தது. அக்கா கீழே தேத்தண்ணி போடப் போனாள். அறையில் நாங்கள் இரண்டு பேர்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"எப்படி அத்தான் இருக்கு இப்ப?"

அவர் கண்ணைத் திறக்கவில்லை. நான் முழுக்கதையையும் சொன்னேன். மூடி, சேட் பொக்கற், சாமித்தட்டு எல்லாம். என்னால்தான் இது நடந்தது என்றேன். என்னால்தான் வார்ட் வரை வந்தது என்றேன்.

புளி போட்டு மினுக்கிய இடத்தில் அவர் சிரித்தார். சிரிப்பு இருமலானது. இருமல் அடங்க நேரம் எடுத்தது. பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"மச்சான், நான் முப்பது வருசம் கொள்கலன் பார்த்தனான். ஒரு நாளும் கதவைத் திறந்து பார்த்ததில்லை. வெளியில சின்னக் கண்ணாடியில நம்பர் காட்டும். அதைப் பார்த்து எழுதிப்போட்டு அடுத்ததுக்குப் போறது. திறந்து பார்த்தால் உள்ள இருக்கிறது பழுதாப் போயிடும்."

"தெரியாமல் செய்திட்டன், அத்தான்."

"ஏசியை விடு. அது மெஷின், திருத்தலாம்." கொஞ்சம் நிறுத்தி மூச்சு எடுத்தார். "நீ ஒரு நாளைக்கு எத்தனை தரம் போன் எடுத்து எப்படி இருக்கு, எப்படி இருக்கு எண்டு கேட்கிறாய்? உன்ர அக்கா போனைக் கொண்டு வந்து தருவாள். நான் எழும்பி இருந்து, மூச்சைச் சேர்த்து, நல்லா இருக்கிறன் எண்டு சொல்லவேணும். இல்லாட்டி நீ ஓட்டோ பிடிச்சு ஓடி வந்திடுவாய்."

நான் நழுவியிருந்த தலையணையை அவருடைய முதுகுக்கு நேராக்கினேன்.

"நல்லா இருக்கிறன் எண்டு சொல்லித்தான், மச்சான், நான் கூடக் களைக்கிறது."

அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். என் கையின் மேல் தன் கையை வைத்துக்கொண்டு, இத்தனை நாளும் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னார். அந்தக் கை குளிர்ந்திருந்தது... நல்ல குளிர்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் எண்ணிப் பார்த்தேன். காலையில் ஒரு போன், பதினொன்றுக்கு ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, வெயில் ஏறினால் இன்னொன்று, பின்னேரம் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு 'நல்லா இருக்கிறன்'. அந்த வார்த்தை எனக்குப் புறக்கோட்டை வரை நிம்மதி தரும். அவருக்கு? என் மனதை ஆற்றுவதற்கு நான் அவருடைய மூச்சை அல்லவா எடுத்துக்கொண்டிருந்தேன்! எடுத்துவிட்டு அதற்கு அன்பு என்றும் பெயர் வைத்திருந்தேன்.

உங்களுடைய வீட்டிலும் ஒருவர் படுத்திருக்கலாம். ஒரு நாளைக்கு எத்தனை பேர் போன் எடுக்கிறார்கள், எத்தனை பேர் வாசலில் நின்று 'இப்ப எப்படி?' என்கிறார்கள்? நாங்கள் கேட்டுவிட்டுப் போய்விடுகிறோம், கடமை முடிந்தது என்று. பதிலைத் திரட்டிச் சொல்லிவிட்டுத் தலையணையில் விழுகிறவரைப் பற்றி யார் நினைக்கிறோம்?

முடிவெடுத்தேன். கேட்பதில்லை. போன் எடுப்பதில்லை. ஒரு கிழமைக்கு அந்தப் பக்கமே போவதில்லை... போனால் கேட்டுவிடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

புதன்கிழமை என்பது எவ்வளவு நீளமான நாள் என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்கு இதுவரை தெரியாது. பதினொரு மணிக்கு விரல் தானாகப் போனுக்குப் போனது. எழும்பி மரைன் டிரைவில் போய்க் கடலைப் பார்த்தேன். கடலும் சும்மா நிற்கவில்லை. அது ஒரு ஆறுதல். ரயில் போவதும் வருவதுமாக இருந்தது. வீட்டுக்கு வந்து எங்கள் ஏசியின் தண்ணீர் சொட்டுகிறதா என்று பார்த்தேன். சொட்டியது. பக்கத்து வீட்டு ஏசியையும் பார்த்தேன். அதுவும் சொட்டியது. அந்த வீட்டு அன்ரி ஜன்னலைச் சாத்தினார்.

வியாழன் பகல் சரியான வெயில். தார் வீதி மினுங்கியது. மேல் மாடி, கொங்கிரீட் தட்டு... போனைக் கையில் எடுத்தேன். மனைவி அதை வாங்கி அரிசி வாளிக்குள் வைத்து மூடினாள். "பின்னேரம் தாறன்" என்றாள். ஐம்பத்தெட்டு வயது மனிதனிடம்!

அன்று பகல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிடிவாதத்தால் ஒரு மனிதனைச் சாகவிடுகிறேனோ என்றுகூட நினைத்தேன். ஏசி மறுபடி நின்றிருந்தால்? அக்கா எனக்குச் சொல்லாமல் விட்டிருந்தால்? ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தால்? ஒரு மீட்டர் கிடையாது, முள் கிடையாது. தெரியாமல் இருப்பது என்ற வேலையை இத்தனை வயதுக்குப் பிறகு முதல் தரம் செய்கிறேன். மிகக் கஷ்டமான வேலை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலரை மணிக்குப் போன் அடித்தது. அத்தானின் நம்பர்.

அத்தான் தானாகப் போன் எடுத்து மாதக்கணக்காகிறது. அவருடைய போனில் இருந்து வருவதென்றால் அக்காதான். அக்கா எடுப்பதென்றால் ஏதோ நடந்திருக்கவேண்டும். இரண்டு தரம் தவறான இடத்தில் தட்டி, மூன்றாம் தரம்தான் எடுத்தேன்.

"மச்சான்."

அவருடைய குரல்தான்! மூச்சுக்கு நடுவில் இல்லாமல், ஒரே ஓட்டமாக வந்த குரல்.

"என்ன, அத்தான்?"

"இந்த ரியாஸ் என்ன செய்து வச்சானோ தெரியேல்லை, எனக்குக் குளிருது. உன்ர அக்கா தாற போர்வை போதாது. வரேக்க ஒரு பெட்ஷீட் கொண்டு வா."

"கொண்டு வாறன். அத்தான்..."

"என்ன?"

அந்தக் கேள்வி நாக்கு நுனியில் வந்து நின்றது. கடித்துக்கொண்டேன்.

"ஒண்டுமில்லை. இப்பவே வெளிக்கிடுறன்."

ஒன்றுதான் கேட்டார் – நான் மூன்று கொண்டு போனேன்.